சாலியின் தூக்கம்

போன மாதம் என் இடது கையின் பின்பக்கம் ஒரு சின்ன வட்டை ஒட்டிவிட்டாள் பிரியா. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்ற பிறகு, தென்காசியில் நான் வேலை பார்த்த சர்க்கரை ஆஸ்பத்திரியில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் நர்ஸ் அவள். ஊருக்கெல்லாம் இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்த எனக்கே இப்போது சர்க்கரை. அதனால் அவளுக்கு நான் பேஷன்ட்.

"இனிமே விரல்ல குத்தவே வேண்டாம்க்கா. நீங்க தூங்கும்போது சுகர் எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு போன்ல கோடு போட்டுக் காட்டிரும்" என்றாள்.

நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. நோயாளி தூங்கும்போது அவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள என் சர்வீஸ் முழுவதும் படாத பாடு பட்டிருக்கிறேன். இந்தப் பொத்தான் ஒட்டிய அன்றைக்கே தெரிந்துகொள்கிறது. அதற்கு யாரும் பொய் சொல்வதில்லை. அதை யாரும் "பெறவு சொல்லுதேன் சிஸ்டர்" என்று காக்க வைப்பதும் இல்லை.

"உங்க காலத்துல இதெல்லாம் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"வாயால கேட்டுத்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். கிண்டல் இல்லை, நம்ப முடியவில்லை. "அத எழுதித் தாங்கக்கா, நாங்க படிக்கோம்" என்றாள். எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சர்க்கரையைப் பற்றியது, தூக்கத்தைப் பற்றியது, பாதிக்கு மேல் என் பொறாமையைப் பற்றியது. பொறாமையை எடுத்துவிட்டு எழுதச் சொன்னால் என்னிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

என் பெயர் கோமதி. மேலகரத்தில் வீடு. பாளையங்கோட்டையில் நர்சிங் படித்ததும், பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் கால் கடுக்க நின்றதும் எல்லா நர்சுகளுக்கும் நடப்பதுதான். சர்க்கரை ஆஸ்பத்திரி டாக்டரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கென்று ஒரு வேலை அமைந்தது.

மற்ற டாக்டர்கள் நோயாளி உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டைக் கேட்பார்கள். எங்கள் டாக்டர் கையில் கொடுத்த ரிப்போர்ட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "நேத்து எப்படித் தூங்குனீங்க?" என்பார். அதற்கு வரும் பதிலைக் கேட்ட பிறகுதான் ரிப்போர்ட்டைத் திருப்புவார். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். நாம் ஏதாவது உருப்படியாகச் செய்தால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக நாங்கள் நாலு பேர் நாய் படாத பாடு படுவோம். யாருக்கு எப்போது கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கிடைத்ததைவிட மற்றவர்களுக்குக் கிடைத்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நோயாளி அவர் அறைக்குள் போகுமுன் தூக்கத்தைப் பற்றி விசாரித்து வைப்பது என் பொறுப்பு. அவர் சொல்லிக்கொடுத்த வரிசை இன்னும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழுந்தீர்கள்? எழும்போது தொண்டை வறண்டிருந்ததா? காலில் எரிச்சல் உண்டா? இவையெல்லாம் சர்க்கரை ஏறிக் கிடப்பதற்கான கேள்விகள். ஏறிய சர்க்கரையை உடம்பு சிறுநீரில் தள்ளும், ஆளைத் தூங்கவிடாது. அடுத்தது, தலையணை ஈரமா? கெட்ட கனவா? தூக்கத்தில் கத்தியதாக வீட்டில் யாராவது சொன்னார்களா? விடியும்போது தலை வலித்ததா? இவை சர்க்கரை இறங்குவதற்கு. சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு பயந்துபோய் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். மூளைக்குத் தீனி இல்லாமல் ஆள் யாரோ போல ஆகிவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் சர்க்கரை இன்னும் முரண்டு பிடிக்கும். டாக்டர் சொல்வார், "இது ரெண்டு பேரு சண்டை. யாரு முதல்ல அடிச்சாங்கன்னு பாக்கணும்."

இத்தனை பேரின் தூக்கத்தை விசாரித்த எனக்குத் தூக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படுத்தால் பகலில் யார் என்ன சொன்னார்கள், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். எனக்கு வர வேண்டிய தூக்கத்தையும் சேர்த்து அவர் தூங்குகிறார் என்று கோபம் வரும்.

இந்த நிலையில்தான் சாலி வந்து சேர்ந்தாள்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு அவள் ஊர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். அவள் கணவர் மஸ்கட்டில் இருந்தார். அவள் வந்தது குற்றால சீசனில். சாரல் விழுந்து, காற்று ஜில்லென்று அடிக்கும் நாட்களில் ஊரே தூங்கி வழியும். ஆனாலும் அவளைப் போல ஒருத்தி தூங்கி நான் பார்த்ததில்லை. மத்தியானம் சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, ஊசி போடும் அறையில் முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையை வைப்பாள். அடுத்த மூச்சில் தூங்கிவிடுவாள். வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம், பிள்ளைகள் அழும் சத்தம் எதுவும் அவளைத் தொடாது. கொஞ்ச நேரத்தில் தானே விழித்து, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள்.

"எப்படிட்டி இப்படித் தூங்குத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்தா சேச்சி, கண்ணு மூடினா போதுமே" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணை மூடத் தெரியாமலா நான் இத்தனை வருஷம் விழித்துக் கிடந்தேன்?

தூக்கம் மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். நோயாளிகள் அவளைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். நான் வரிசையாகக் கேள்வி கேட்டால் "ஆமா, இல்லை" என்று பதில் சொல்கிறவர்கள், அவள் "சுகந்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டதும் மருமகள் சண்டை, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் கொட்டுவார்கள். ஆறே மாதத்தில் "சாலி சிஸ்டர் இல்லையா?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நான் என்ன, வழிகாட்டிப் பலகையா?

சீசனில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தனி வேலை உண்டு. வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்கள் லாட்ஜ் அறையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அருவிக்குப் போய்விடுவார்கள். அங்கே வரிசையில் நின்று, எண்ணெய் தேய்த்து, குளித்து வருவதற்குள் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டும். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் டாக்டர் ஒரு விதி வைத்திருந்தார்: தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. வெளியூர் ஆள் யார் வந்தாலும் அதைத் திரும்பச் சொல்ல வைத்து அனுப்புவோம். உள்ளூர்க்காரர்களுக்கு அதைச் சொல்வதில்லை. வீட்டுச் சாப்பாடு, வேளை தவறாத வீடு, அவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். எங்கள் எல்லாருக்கும் அது அவ்வளவு இயல்பாக இருந்தது.

ரைஹானா அப்படி ஒரு வேளை தவறாத வீட்டுப் பெண். கடையநல்லூர். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு சர்க்கரை வந்து இன்சுலினில் இருந்தாள். கணவர் துபாயில் ஒரு கடையில் வேலை. கூடவே வருகிறவர் அவள் மாமியார் மைமூன் மாமி. வெள்ளைத் துப்பட்டியும் கையில் குடையுமாக வருவார். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. மாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சோறு போடுகிறவர். மருமகளுக்கு ஊசி போட வேண்டிய நேரத்தையும் அவர்தான் ஞாபகப்படுத்துவார்.

ரைஹானாவுக்குக் காலைச் சர்க்கரை ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. பெரும்பாலும் அதிகம். டாக்டர் ராத்திரி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நான் என் கேள்விகளைக் கேட்பேன். கனவு? இல்லை. வேர்வை? இல்லை. தலைவலி? இல்லை. "நல்லாத்தான் தூங்குதேன் சிஸ்டர்" என்று தரையைப் பார்த்துச் சொல்வாள்.

ஒருநாள் மருமகளை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டரம்மா, மனசு டாக்டரு யாரும் தென்காசில இருக்காவளா?"

"யாருக்கு மாமி?"

"இவளுக்குத்தான். பகல்ல தங்கம். ராத்திரிதான் வேற ஆளாயிருதா. எந்திரிச்சு உக்காந்து, 'எவகூட இருக்க? எவகூட இருக்க?'ன்னு கத்துதா. எம்மவன் போன் பண்ணாத நாளாப் பாத்துதான் கத்துதா. பிள்ளைய பயந்து அழுதுவ. காலைல கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கா." மாமி குரலைத் தாழ்த்தினார். "மவன்ட்ட சொல்லிட்டேன். மாசக் கடைசில லீவுல வாரான். சந்தேகப்படுதவகூட என்னால குடும்பம் நடத்த முடியாதும்மா, அவ உம்மா வீட்டுல கொண்டு விட்டுருங்கான். நல்ல பிள்ளை சிஸ்டரம்மா. எனக்கு மனசே இல்ல."

ரைஹானா ஏன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராத்திரி தனக்கு ஏதோ ஆகிறது என்று ஒப்புக்கொண்டால் புருஷன் போய்விடுவான். என் கேள்விகள் அவளுக்கு வீட்டு விசாரணை போலத்தான் இருந்திருக்கும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே, "நடுராத்திரில சுகர் எறங்குதோ என்னமோ. மாமிக்கு விரல்ல குத்திப் பாக்கச் சொல்லிக்குடு" என்றார்.

மாமியை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். இதில் நான் கெட்டிக்காரி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலில் மருமகளின் கையை வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும். சர்க்கரையோ தேனோ விரலில் இருந்தால் மிஷின் பொய் சொல்லும். விரலின் நடுச்சதையில் குத்தக் கூடாது, வலிக்கும். ஓரத்தில் குத்த வேண்டும். அழுத்திப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டால் ரத்தம் தானே வரும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைக் காட்ட வேண்டும். மாமி தன் விரலிலேயே மூன்று முறை குத்திப் பழகினார். "இத்தன வருசம் தறில நூலு கோத்த கையி, இதுக்கா நடுங்கும்?" என்றார்.

மறுநாள் எண்ணைச் சொன்னார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை, கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. அன்றைக்கு ரைஹானா கத்தவும் இல்லை. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ராத்திரி மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். மாமி மனசு டாக்டர் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அடுத்த முறை அவர்கள் வந்தது ஒரு மத்தியான நேரத்தில். மாமி தொழப் போயிருந்தார். ரைஹானா நேராகச் சாலியிடம் போனாள். நான் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கு ஊசி போடத் தயாராகிக்கொண்டிருந்தேன். காது முழுக்க அந்தப் பக்கம்தான். என்னிடம் "இல்லை, இல்லை" என்கிறவள் இவளிடம் என்னதான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சாலி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வா, ஊணு கழிக்கலாம்" என்றாள்.

"வேண்டாம் சிஸ்டர். நீங்க தனியாவா சாப்பிடுதிய?"

"மத்தியானம் தனியா. ராத்திரி ஞானும் எங்க ஆளும் ஒண்ணிச்சு. போன எதிர்ல சாரி வெப்பேன். அங்க அவரு தட்டு, இங்க என் தட்டு. அவரு மீன் கறி காட்டி என்னைக் கொதிப்பிக்கும், எனக்கு நாக்கு ஊறும்."

ரைஹானா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எங்க வீட்லயும் அப்படித்தான் சிஸ்டர்! மாமிக்குத் தெரியாது. எட்டு மணிக்கு அவுக முன்னால ஊசியப் போட்டுட்டு ரெண்டு வாய் வெச்சு எந்திரிச்சிருவேன். பிள்ளையளத் தூங்க வெச்சிட்டு, அவிய டூட்டி முடிச்சு கூப்பிட்டதும் மாடில போயி தட்டப் போட்டுக்கிடுவேன். 'நீ ஒரு வாய் எடு, அப்பதான் நான் எடுப்பேன்'பாவ."

"எத்ர ஸ்நேகம்!" என்றாள் சாலி.

இந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பயன்? என் வீட்டுக்காரர் ஒரு நாளும் கடல் தாண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நீ சாப்பிட்டாயா என்று ஒருதரம் கேட்டதில்லை. டிவியைப் பார்த்தபடி தட்டை நீட்டுவார், நான் போடுவேன். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், புருஷன் கண்காணாத தூரத்தில் இருந்தும், ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிடுகிறார்கள். இதில் ஒருத்திக்குத் தூக்கமும் வருகிறது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

திரையை விலக்கினேன். ரைஹானாவைக் குத்த வேண்டும் என்றே கேட்டேன், அக்கறை எல்லாம் இல்லை.

"அவரு கூப்பிடலைன்னா என்னட்டி பண்ணுவ? பட்டினி கெடப்பியோ?"

ரைஹானாவின் சிரிப்பு நின்றது. "ஆமா சிஸ்டர்" என்றாள். "எறங்க மாட்டேங்குது. எங்க இருக்காவளோ, யாருகூடச் சாப்பிட்டாவளோன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருவேன்."

அப்போதுதான் நான் கேட்டது என் காதில் விழுந்தது. எட்டு மணிக்கு ஊசி. இரண்டே வாய்ச் சோறு. கூட்டிக் கூட்டிக் கொடுத்த மருந்து. கூப்பிடாத ராத்திரி. மாமி விரலில் குத்திப் பார்த்தது கூப்பிட்ட ராத்திரியாக இருந்திருக்கும்.

சாலிக்கும் அதே நொடியில் புரிந்தது. அவளே தினம் செய்கிற காரியம் என்பதால் அதுவரை அவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பாதித் தட்டை அப்படியே வைத்தாள். எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு, ரைஹானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். என் கையில் மருந்து ஏற்றிய ஊசி. எதிரில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "சிஸ்டர், எனக்குப் போட்டுட்டுப் போங்க" என்றார். போட்டேன். பஞ்சை வைத்தேன். நான் டாக்டர் அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் மாமியையும் உட்கார வைத்துப் பேசினார். அவரிடம் மாமி கடைசியில் ஒன்றை ஒப்புக்கொண்டார். மருமகள் கத்தும்போதெல்லாம் தண்ணீர் ஓதி, அதில் தேன் கலந்து கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவாளாம். சர்க்கரைக்காரிக்குத் தேன் கொடுத்ததைச் சொன்னால் டாக்டர் சத்தம் போடுவார் என்று மறைத்திருக்கிறார். காலையில் சர்க்கரை ஏறி நின்றதற்கு அந்தத் தேனும் ஒரு காரணம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. "நீங்க குடுத்த தேன்தான் மாமி இவள இத்தன நாளும் காப்பாத்துச்சு. ஓதுறதையும் விடாதீங்க, தேனையும் பக்கத்துல வச்சிருங்க. ஆனா குத்திப் பாத்துட்டுக் குடுங்க" என்றார்.

மருந்தைக் குறைத்தார். ஆனாலும் கையில் ஆதாரம் வேண்டும் என்றார். மூன்றாம் நாள் காலையில் மாமி குடையை மடிக்காமலே உள்ளே வந்தார்.

"நேத்து போன் வரல. 'சாப்பிடு சாப்பிடு'ன்னு சொல்லியும் அழுத்தக்காரி ரெண்டு வாயில எந்திரிச்சிட்டா. நான் தூங்கல, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். மொனங்க ஆரம்பிச்சதும் கையக் கழுவிக் குத்தினேன். நாப்பத்தி மூணு, டாக்டரய்யா! எழுவதுக்குக் கீழ போகக் கூடாதுன்னியளே, நாப்பத்தி மூணு! அது கத்துனது எம் மருமவ இல்ல. சுகரு!" என்று சொல்லிவிட்டு, துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எம் பிள்ளைய உம்மா வீட்டுக்கு அனுப்பப் பாத்தேனே."

டாக்டர் மாமியின் போனிலேயே துபாய்க்குக் கூப்பிட்டார். நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த மனிதருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் இங்கே எட்டு மணி அடிக்கும் முன், கூப்பிட முடியுமா முடியாதா என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். கூப்பிடுவார் என்றால் அவர் கூப்பிட்டதும் தட்டு, தட்டு வந்ததும் ஊசி. முடியாது என்றால் மாமியோடு உட்கார்ந்து வயிறார. இப்போதும் சொல்கிறேன், அது அவளுக்கு, அவள் மருந்துக்கு என்று டாக்டர் போட்ட கணக்கு. நீங்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அந்த மனிதர் மாசக் கடைசியில் லீவில் வந்து, இரண்டு பெட்டி பேரீச்சம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். சர்க்கரை ஆஸ்பத்திரிக்குப் பேரீச்சம்பழம்! பெட்டிகளைச் சாலி கையில் கொடுத்தார்.

கட்டுரையை இங்கே முடித்தால் நல்ல பெயர் வாங்கலாம். ஆனால் அந்த மாதம் ஊழியர் கூட்டத்தில் டீ குடிக்கும்போது டாக்டர் எங்களைப் பார்த்து, "சாலியைப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் புகழ்ச்சியாக வந்ததை அன்றைக்குத்தான் கேட்டோம். அடுத்த வாரம் நோயாளிகளிடம் பேசும் தனி அறை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. நான் ஊசி அறையில் இருந்தேன். அந்தக் கேள்வி என்னுடையது. கெட்ட எண்ணத்தோடு கேட்டதுதான், ஆனாலும் என்னுடையது. பாதித் தட்டோடு ஓடிப்போய் அதைத் தன் பெயரில் சொல்லிக்கொண்டாள் என்று நினைத்தேன். அதன் பிறகு வேலை விஷயம் தவிர அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் "சேச்சி, சேச்சி" என்று வந்துகொண்டேதான் இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். கணவர் மஸ்கட்டிலிருந்து வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஆரியங்காவுக்குப் போய்விட்டாள். வழியனுப்பக்கூட நான் போகவில்லை. டாக்டரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் ரைஹானா கணவரோடு மேலகரத்துக்கு வந்தாள், மகள் நிக்காஹுக்கு அழைக்க. அந்த மனிதர் துபாயை முடித்துக்கொண்டு வந்து கடையநல்லூரிலேயே கடை வைத்துவிட்டார். அவர் வெளியே வண்டியைத் திருப்பும்போது, "இப்ப எதிர்லயே உக்காந்து சாப்பிடுதாரா?" என்று கேட்டேன்.

"உக்காருதாவ சிஸ்டர். தட்டையும் பாக்கிறதில்ல, என்னையும் பாக்கிறதில்ல. போனைத்தான் பாக்காவ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பல வருஷத்தில் எனக்கு இப்படி மனம் குளிர்ந்ததில்லை.

"இன்னமும் சந்தேகம் வருதா?"

"வரும் சிஸ்டர். சுகருதான் சரியாச்சு" என்று அவளும் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க அப்படிக் கேக்கலைன்னா நான் இப்ப எங்க இருப்பேனோ."

"நான் கேட்டதா? சாலில்ல போய்ச் சொன்னா?"

"அவங்கதான் என்னை இழுத்துட்டுப் போனாங்க. உள்ள நொழையும்போதே, 'சார், கோமதி சேச்சி ஒரு கேள்வி கேட்டாங்க, அத கேளுங்க'ன்னுதான் சொன்னாங்க. டாக்டர் தலையச் சாச்சு, 'ம்'முன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

அவர்கள் போன பிறகு டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாலியைப் பாத்துக் கத்துக்கணும். அவர் எதைக் கற்றுக்கொள்ளச் சொன்னார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதற்காக என் மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் "ம்" எனக்கே தெரியாமல் அவள் முன்னால் போய் விழுந்திருக்கிறது. தூக்கத்தில், நோயாளிகளின் பிரியத்தில், புருஷன் பிரியத்தில் முந்தியது போதாதென்று, நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பொறாமைப்பட இன்னொன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

அன்று நான் கண்ணை மூடவில்லை. காலையில் பிரியா போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அக்கா, ராத்திரி பூரா சுகர் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. சூப்பரா தூங்கிருப்பீங்களே!"

"ஆமா, நல்லாத் தூங்கினேன்" என்றேன். ரைஹானா தரையைப் பார்த்துச் சொன்னது போலவே சொன்னேன்.

பிறகு ஆரியங்காவுக்குப் போன் போட்டேன். நம்பர் இத்தனை வருஷமும் என்னிடம்தான் இருந்தது. அவள் கணவர் எடுத்தார். யார் என்று சொன்னதும், "கோமதி சேச்சியா! எப்பவும் உங்க காரியம்தான் பறயும்" என்று சந்தோஷப்பட்டார்.

"சாலி இல்லையா?"

"உண்டு சேச்சி. உறங்குகயா. விளிக்கட்டுமா?"

பகல் பதினொரு மணி. எழுப்புங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அவருடைய குரலுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தமும், அதற்குள் நிதானமாக ஒரு மூச்சும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டேன்.

"வேண்டாம், தூங்கட்டும்" என்றேன். "எந்திரிச்சதும் நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. நான் முழிச்சுத்தான் இருப்பேன்."